ஊர் கூடிச் சைக்கிள் பழகுவோம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. நெடுஞ்சாலையில் காரில் செல்பவருக்கு இது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பிரயாணம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய ஊர்கள் கண்ணிமைப்பதற்குள் கடந்து போகின்றன. ஆனால் அச்சாலைக்கு இருபுறமும் உள்ளடங்கிக் கிடக்கும் சிற்றூர்களில் வாழ்பவருக்குத் தொலைவின் அளவே வேறு. வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் கூட்டுச் சாலைக்கு மூன்று கிலோ மீட்டர். உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோ மீட்டர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதற்கும் மேல். இந்தச் சிறு தொலைவுகளே ஒருவரது கல்வியையும், கூலியையும், நோய்க்கு உரிய காலத்தில் மருந்து கிடைப்பதையும் தீர்மானிக்கின்றன.

நடந்து செல்பவர் மணிக்கு ஐந்து கிலோ மீட்டர் செல்கிறார். சைக்கிளில் செல்பவர் அதிகச் சிரமமின்றிப் பதினைந்து கிலோ மீட்டர் செல்கிறார். வேகம் மும்மடங்காகும்போது, அதே நேரத்தில் ஒருவர் சென்று வரத்தக்க நிலப்பரப்பு ஒன்பது மடங்காகிறது. கால்நடையாக எட்டக்கூடியது ஒரே பள்ளி, ஒரே சந்தை, ஒரே முதலாளியின் நிலம் என்றிருந்தால், சைக்கிளில் ஏறியவருக்குப் பல பள்ளிகளும், பல சந்தைகளும், கூலி பேசிப் பார்க்கப் பல இடங்களும் கிடைக்கின்றன. எண்ணெயும் மின்சாரமும் வேண்டாத இவ்வெளிய வாகனத்தின் பெருமை இதுதான்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. ஆனால் வீட்டில் சைக்கிள் இருப்பது வேறு. வீட்டிலுள்ள அனைவரும் அதில் ஏறிச் செல்வது வேறு. தாய்க்கு ஓட்டத் தெரியாது. மகளுக்குத் தெரியும்; ஆனால் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமே என்று பெற்றோர் அஞ்சுவர். முதியவருக்குக் குண்டும் குழியுமான பாதை தடை. காலில் ஊனமுற்றவருக்கு வாய்க்காலின் மேடு தடை. சிலருக்கோ தெருவே தடை. ஆகவே, சைக்கிள் வாங்குவதோ வழங்குவதோ பாதி வேலையே. ஓட்டப் பழக்குவதும், அஞ்சாமல் செல்ல வழி செய்வதும் மறு பாதி. இம்மறு பாதியை எந்த அதிகாரியும் தனித்து நின்று செய்துவிட முடியாது. ஊரிலேயே வேரூன்றிய தொண்டு அமைப்பு ஒன்றே அதைச் செய்ய வல்லது. இதற்கான எடுத்துக்காட்டை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் மாநிலத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டை காட்டிய வழி

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. எழுத்தறியாதார் அனைவருக்கும் எழுத்தறிவு புகட்டுவது அதன் நோக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்களும், ஆசிரியர்களும், இளைஞர்களும், மாவட்ட நிர்வாகமும் கைகோத்து அதனை நடத்தினர். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத்.

கற்க வந்தவருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லும் தொண்டர்களிலும் பெண்கள் பலர். உட்கிடையான ஊர்களுக்கு இவர்கள் எவ்வாறு செல்வது என்ற கேள்வி எழுந்தது. பேருந்து இல்லாத ஊருக்குத் தந்தையோ, தமையனோ, கணவனோ கொண்டு விட்டாலன்றிப் பெண் செல்ல முடியாது என்ற நிலை இருக்குமானால், அவள் பெறும் எழுத்தறிவும் வீட்டு வாசலோடு நின்றுவிடுமல்லவா? எனவே, ஒருவர் துணையின்றி வெளியே சென்று வரும் ஆற்றலையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே அவ்வியக்கம் கருதியது. எழுதவும் படிக்கவும் கற்பித்ததோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தது.

பெண்கள் சைக்கிள் வாங்குவதற்கு வங்கிகள் கடனுதவி செய்யுமாறு ஆட்சித் தலைவர் வற்புறுத்தினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இப்பணியில் உரிய பொறுப்பு வரையறுக்கப்பட்டது. பயிற்சி முகாம்களுக்குப் பெண்கள் விழாவுக்குச் செல்வார் போல நல்லாடை உடுத்து வந்தனர். வயல் வேலை செய்பவரும், கல்லுடைக்கும் குவாரிகளில் உழைப்பவரும், கிராமச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியைகளும் ஒரே திடலில் நின்று பழகினர். முதலில் கற்றவர் அடுத்தவருக்குக் கற்பித்தார். அவர் வேறொருவருக்குக் கற்பித்தார். சைக்கிள் பழகுவதைப் பற்றிய பாடல்கள் ஊர்தோறும் பாடப்பட்டன.

ஏளனமும் இல்லாமலில்லை. சைக்கிளில் சென்ற பெண்களைப் பார்த்து இழிசொல் கூறியவர் இருந்தனர். ஆயினும் ஒருத்தி தனியே செல்லும்போது நாவை அடக்காதவரும், நூற்றுக் கணக்கானோர் அணிவகுத்துச் செல்லும்போது வாய் மூடி நின்றனர். 1992-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தன்று, சைக்கிள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியை ஒலித்துக்கொண்டு, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் ஊர்வலமாகச் சென்றனர். அக்காலத்தில் அம்மாவட்டத்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கினர். முன்புறக் கம்பியின்மீது குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கியவரும் உண்டு.

இதனால் விளைந்தது என்ன? பேருந்துக்குக் காத்து நின்ற பொழுது மிச்சமாயிற்று. விளைபொருளைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஓர் ஊரில் விற்பனை முடிந்ததும் அடுத்த ஊருக்குச் செல்ல முடிந்தது. குடிநீர் கொணர்வதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் எளிதாயின. இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்ற கேள்விக்கு நின்று விடை சொல்ல வேண்டாத தன்னம்பிக்கை பிறந்தது. வருமானத்தைக் காட்டிலும் இத்தன்னம்பிக்கையையே பெரிதாகச் சொன்னவர் பலர்.

வழங்கிய வண்டி வழியில் நிற்கலாகாது

புதுக்கோட்டையில் பெரியவர்களுக்குக் கிடைத்த பயன் பள்ளிச் சிறுமியருக்கும் கிடைக்க வேண்டுமன்றோ? தமிழக அரசு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பு மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் இத்திட்டம் படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கு உரியதாயிற்று.

இத்தகைய உதவியின் பயனை பீகார் மாநிலத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கு 2006-ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கப்பட்டது. அதனால் உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததென்றும், ஆண் பெண் இருபாலாரிடையே இருந்த இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததென்றும் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டனர். பள்ளியிலிருந்து மூன்று கிலோ மீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்திருந்தது. அன்றியும், மாணவியர் கூட்டமாகச் சைக்கிளில் செல்லத் தொடங்கியதால் வழியில் பாதுகாப்பும், பெண் வெளியே செல்வது இயல்பே என்ற எண்ணமும் வளர்ந்தன.

ஆயினும் சக்கரத்தில் காற்றில்லாமல் திண்ணையில் சாய்ந்து நிற்கும் சைக்கிளால் பயனில்லை. வண்டி ஒருமுறை பழுதானதும் அதை மூலையில் தள்ளிவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பது எங்கும் காணும் காட்சியே. வழங்கும் பணி முடிந்த இடத்தில் ஊரின் பணி தொடங்க வேண்டும்.

பெரியோர் பழகும் முறை

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் சிறுவர்கள் வாடகைச் சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். முழங்கால் சிராய்ப்பே அவர்களது பட்டம். நாற்பது வயதுத் தாயிடம் அம்முறையைச் சொன்னால் அவர் அஞ்சி விலகிவிடுவார். அவருக்கு ஏற்ற முறை வேறு.

முதலில் இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றுமாறு இருக்கையைத் தாழ்த்த வேண்டும். கூடுமானால் பெடல்களைக் கழற்றிவிட வேண்டும். பிறகு இருக்கையில் அமர்ந்தபடியே காலால் தரையை உந்தி, சிறிது சிறிதாக உருண்டு செல்லப் பழக வேண்டும். கால்களைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீட்டர் சாயாமல் செல்ல வந்துவிட்டால், கடினமான பாடம் முடிந்தது. அடுத்து இரண்டு பிரேக்குகளையும் ஒருசேர, மெல்லப் பிடித்து நிறுத்தப் பழக வேண்டும். பெடல் மிதிப்பது கடைசியில்தான். விழாமல் இருப்பதும், வேண்டிய இடத்தில் நிற்பதும் தெரிந்த பிறகு மிதிக்கத் தொடங்கினால் அச்சம் அகலும். பின்னால் ஒருவர் வண்டியைத் தாங்கிக்கொண்டு ஓட வேண்டியதுமில்லை.

சேலை அணிந்து ஓட்டுவோர் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தின் மேற்பாதியை மூடும் வலையும், செயினை மூடும் தகடும் இருப்பது நலம். பெண்களுக்குப் பெண்களே பயிற்சி தருவதும், மாலையில் பள்ளித் திடல் போன்ற பொது இடத்தில் பலர் சேர்ந்து பழகுவதும் கூச்சத்தைப் போக்கும்.

நெடுஞ்சாலை ஓரத்து நீதி

திடலில் பழகியவர் நாளை சாலைக்கு வர வேண்டும். சென்னை, திருச்சி நெடுஞ்சாலை இவ்வட்டாரத்தில் நான்கு வழிச் சாலையாக உள்ளது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. விழுப்புரமோ பல திசைகளிலிருந்து இருப்புப் பாதைகள் கூடும் பெரிய சந்திப்பு. இவ்வாறு போக்குவரத்து மிகுந்த பகுதியில் சிறு கணக்கொன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்துத் தடங்களைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஏறத்தாழ ஏழு விநாடி பிடிக்கிறது. அதற்குள் அவ்வாகனம் 150 மீட்டருக்கும் மேல் வந்துவிடும். எனவே, தொலைவில் சிறு புள்ளியாகத் தெரியும் வண்டியும் தொலைவில் இருப்பதாகாது. நடுத் திட்டின் இடைவெளியில் குறுக்கே புகுவதைக் காட்டிலும், அரைக் கிலோ மீட்டர் சுற்றியேனும் சுரங்கப் பாதை வழியாகவோ மேம்பாலத்தின் அடியிலோ செல்வதே அறிவுடைமை. அவ்வாறு சுற்றுவதைத் தவிர்க்கவே பலர் அணுகு சாலையில் எதிர்த்திசையில் வருகின்றனர். மணிக்கு 60 கிலோ மீட்டரில் வரும் வாகனத்தை 15 கிலோ மீட்டரில் எதிர்கொண்டால் இரண்டும் நெருங்கும் வேகம் 75. இடப்புறமாக அதே திசையில் சென்றால் அது 45 மட்டுமே. நடப்பவர் வாகனங்களை எதிர்நோக்கி நடக்கலாம். சைக்கிளில் செல்பவர் இடப்புறமே செல்ல வேண்டும்.

விடியற்காலையில் பால் கறந்து கொண்டு செல்பவரும், இரவு வேலை முடிந்து திரும்புபவரும் பிறர் கண்ணுக்குத் தெரிவதே முதற்காப்பு. முற்காலத்தில் விளக்கில்லாச் சைக்கிளைக் காவலர் நிறுத்தியது வீண் கெடுபிடி அன்று. முன்னால் வெண்ணிற விளக்கும், பின்னால் செந்நிற விளக்கும், மட்கார்டிலும் பெடல்களிலும் ஒளி மீட்டும் பட்டைகளும் இருக்க வேண்டும். வெளிர் நிற ஆடை நன்று. தலைக்கவசம் சைக்கிளுக்குக் கட்டாயமில்லை எனினும், பெருஞ்சாலையில் செல்லும் மாணவர்க்கு அது நல்ல காவல்.

ஆனால் பாதுகாப்பு முழுவதையும் சைக்கிள் ஓட்டுபவரின் தலையில் சுமத்துவது நீதியாகாது. ஊருக்குள் நுழையும் வாகனத்தின் வேகம் குறைய வேண்டும். மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோ மீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டுமென்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு கூறியது. இன்று சைக்கிளுக்குப் பெயர் பெற்ற நெதர்லாந்து நாட்டிலும் 1971-ஆம் ஆண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறு பிள்ளைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே அந்நாட்டின் சாலைகள் மாறத் தொடங்கின. நல்ல சாலை தானாக அமைவதில்லை. கேட்டுப் பெறுவது அது.

தெரு எல்லோருக்கும் உரியது

சில ஊர்களில் இன்னார் தெரு வழியே இன்னார் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும் என்ற கொடிய வழக்கம் இருந்தது. அதன் எச்சம் இன்றும் ஆங்காங்கே தலை காட்டுகிறது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, அவர்கள் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பது குற்றம் என்று சைக்கிளைப் பெயர் சுட்டியே கூறுகிறது. நாட்டின் சட்டத்தில் சைக்கிளுக்கு இப்படி ஓர் இடம் தர வேண்டியிருந்தது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி. தந்தார்கள் என்பது ஆறுதல். பயிற்சித் திடலை ஒரு தெருவாருக்கு மட்டும் உரிய இடத்தில் அமைக்காமல், எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரக்கூடிய இடத்தில் அமைப்பதும், சைக்கிள் ஊர்வலம் எல்லாத் தெருக்கள் வழியாகவும் செல்வதும் இவ்வழக்கத்தின் வேரை அறுக்கும்.

கால் வலுவில்லாதவர் கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். அது சைக்கிளைவிட அகலமானது. படியிலோ மேட்டிலோ ஏறாது. நூலகம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றில் சாய்தளம் இல்லையேல், வண்டி கிடைத்தும் அவர் வாசலோடு திரும்ப வேண்டியதே.

ஊர்ச் சங்கம் செய்யத்தக்கவை

இளைஞர் மன்றமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, நூலக வாசகர் வட்டமோ இப்பணியை மேற்கொள்ளலாம். பெருநிதி தேவையில்லை.

முதலாவது, பயிற்சி. பழைய சைக்கிள்கள் நான்கைந்தைச் சீர் செய்து, வார விடுமுறையில் வகுப்பு நடத்தலாம். கற்ற ஒவ்வொருவரும் மற்றொருவருக்குக் கற்பிப்பது என்ற புதுக்கோட்டை வழக்கத்தைப் பின்பற்றலாம்.

இரண்டாவது, பழுது பார்த்தல். காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர்கள், பங்ச்சர் ஒட்டும் பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியைப் பள்ளியில் வைத்து, பிரேக் கட்டை மாற்றவும் செயினுக்கு எண்ணெய் இடவும் மாணவ மாணவியர்க்கு ஊர் மெக்கானிக்கைக் கொண்டு கற்பிக்கலாம்.

மூன்றாவது, துணை. ஒரே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் கூடி, பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் செல்லலாம். சாலையைக் கடக்கும் இடத்தில் காலையும் மாலையும் தொண்டர் நிற்கலாம்.

நான்காவது, வரைபடம். எங்கே விளக்கில்லை, எங்கே குழி, எங்கே நாய்த் தொல்லை, எங்கே பெண்கள் செல்ல அஞ்சுகின்றனர் என்பதை ஓட்டுபவரிடமே கேட்டு ஊர்ப் படத்தில் குறிக்க வேண்டும். அப்படத்தோடு கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். குடியரசு நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நாள்களில் கூடும் கிராம சபை இதற்கென்றே அமைந்த மன்றம். வேகத் தடை, தெரு விளக்கு, அணுகு சாலைச் செப்பம் ஆகியவற்றுக்கான வேண்டுகோள், தனி மனிதரின் முறையீடாக இராமல் ஊரின் தீர்மானமாகச் செல்லும்போது வலிமை பெறும்.

ஐந்தாவது, முதலுதவி. விபத்துக் கண்டால் 108-ஐ அழைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டும். உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட விதி. ஆகவே அடிபட்டவரைத் தூக்கத் தயங்க வேண்டியதில்லை.

தேர் இழுக்க ஊர் கூட வேண்டும் என்பர். இருவர் இழுத்தால் நகராத தேர், எல்லோரும் வடம் பிடித்தால் தெருத் தெருவாகச் செல்கிறது. சைக்கிளோ ஒருவரே மிதித்தால் ஓடும் வண்டி. ஆயினும் அந்த ஒருவர் பெண்ணாயினும், முதியவராயினும், எத்தெருவில் பிறந்தவராயினும், அஞ்சாமல் ஏறி, நலமாக வீடு திரும்ப வேண்டுமானால் அதற்கும் ஊர் கூடத்தான் வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒவ்வொன்றும் வரும் கிராம சபைக்கு முன் ஒரு திடலையும், நான்கு சைக்கிள்களையும், கற்பிக்க முன்வரும் இரு பெண்களையும் தேடிக் கொள்ளுமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.